முதல் கீபோர்டு: கடையில் தேர்வு செய்வதிலிருந்து இரண்டு கையாலும் ஒரு பாட்டு வாசிப்பது வரை

கீபோர்டு கற்க வருகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பொருத்தமில்லாத கருவியை வாங்கிவிடுகிறார்கள். வாங்கியதைத் தரையில் வைத்து வாசிக்கிறார்கள். விரல் பழகுமுன், தானாகத் தாளம் போடும் ரிதம் பட்டனை அழுத்துகிறார்கள். மூன்றாவது மாதம் கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. இவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வேலைகள் வரிசை மாறிப்போகின்றன, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே கீபோர்டு வாங்கிவிட்டவர்கள் 6-ஆம் பகுதியிலிருந்து தொடங்கலாம்.

1. என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய்விட்டு இதை யோசித்தால், கடைக்காரர் உங்களுக்காக முடிவு செய்துவிடுவார். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், கீபோர்டில் வேறு வேறு வகைகள் உண்டு.

சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, மெல்லிசை என்றால் 61 கீ உள்ள, ரிதமும் ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும் கீபோர்டு போதும். நம் ஊரில் 'கீபோர்டு' என்றால் பெரும்பாலும் இதுதான். யமஹாவின் பிஎஸ்ஆர்-இ வரிசையும் கேசியோவின் சிடி-எஸ், சிடி-எக்ஸ் வரிசைகளும் இந்த வகை.

மேற்கத்திய பியானோ கற்க வேண்டும், பியானோ கிரேடு தேர்வு எழுத வேண்டும் என்றால் 88 கீ உள்ள, அழுத்தும்போது கனம் தெரிகிற டிஜிட்டல் பியானோ வேண்டும். கீபோர்டின் லேசான கீயில் பழகிய விரலுக்குப் பியானோ கீயை அழுத்தும் பலம் வராது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தொடங்குகிறவர்கள் தொடுகையை மறுபடி அடியிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

கிரேடு தேர்வு நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டனின் தேர்வை எழுதும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். எந்தப் பாடம் என்பதை ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அதன் பாடத்திட்டத்தில் கருவிக்கு என்னென்ன வசதிகள் கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

கம்ப்யூட்டரில் இசையமைக்க வேண்டும் என்பவர்களுக்கு மிடி கன்ட்ரோலர். இதில் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைவாகவும் பார்க்க அழகாகவும் இருக்கிறதே என்று வாங்கி, வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் சத்தமே வராது. அதற்குள் ஒலி கிடையாது. கம்ப்யூட்டரிலோ போனிலோ உள்ள மென்பொருளுக்கு எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. வாசிக்கக் கற்க வருகிறவருக்கு இது முதல் கருவி அல்ல.

2. பணத்தை முழுவதும் கீபோர்டிலேயே போட்டுவிடாதீர்கள்

கையில் இருக்கும் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். ஸ்டாண்டு, சஸ்டெய்ன் பெடல் (மிதித்தால் ஒலியை நீளச் செய்வது), ஹெட்போன், தூசி மூடி இவையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சில மாடல்களுக்கு அடாப்டர்கூடத் தனி விலை. பில் போடுமுன் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

இவற்றில் ஸ்டாண்டு முதலில் வேண்டும். ஏன் என்று 6-இல் சொல்கிறேன். பெடலை இரண்டாம் மாதம் வாங்கினால் போதும். ஹெட்போன் அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தேவைப்படும், ஆனால் புளூடூத் வகை வேண்டாம். கீயை அழுத்துவதற்கும் காதில் ஒலி விழுவதற்கும் இடையே சிறு தாமதம் இருக்கும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. வாசிக்கும்போது தாளத்தையே குலைத்துவிடும். வயர் உள்ளதாக வாங்குங்கள். கீபோர்டின் ஓட்டை 3.5 மி.மீ. அளவா, 6.35 மி.மீ. அளவா என்று பார்த்து அதற்கேற்ற பின்னும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

3. விவரப் பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும்

முதலில் டச் ரெஸ்பான்ஸ். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பெரிய ஒலி. இது இல்லாத கீபோர்டில் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். பாட்டில் ஏற்ற இறக்கம் இருக்காது. என்னைக் கேட்டால், விட்டுக்கொடுக்கவே கூடாத வசதி இது ஒன்றுதான். மாடல் பெயரில் ஒரு எண் மாறினால்கூட இது இல்லாமல் போகும். கேசியோ சிடி-எஸ்300-இல் டச் ரெஸ்பான்ஸ் உண்டு. பார்ப்பதற்கு அதன் இரட்டைபோல இருக்கும் சிடி-எஸ்200-இல் கிடையாது. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ373-இல் உண்டு, பிஎஸ்ஆர்-இ273-இலும் பிஎஸ்ஆர்-எஃப்52-இலும் கிடையாது. சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம்தான். அதை மிச்சம் பிடிக்கிறவர் சில மாதங்களில் மறுபடி கீபோர்டு தேட வேண்டிவரும்.

அடுத்தது கீயின் அகலம். முழு அளவுக் கீபோர்டில் அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கீகள் சேர்ந்து சுமார் 16.5 செ.மீ. இருக்கும். டேப் எடுத்து அளந்து பாருங்கள். குறுகிய கீ உள்ள மினி கீபோர்டைக் குழந்தைக்குத்தானே என்று வாங்கினால், விரல் அந்த இடைவெளிக்குப் பழகிவிடும். பிறகு வகுப்பில் இருக்கும் பெரிய கீபோர்டில் எல்லாச் சுரமும் பக்கத்துக் கீயில் விழும்.

மூன்றாவது, கீகளின் எண்ணிக்கை. 61 கீ என்றால் ஐந்து ஸ்தாயி (ச முதல் மேல் ச வரை ஒரு ஸ்தாயி). 49-உம் அதற்குக் குறைவும் இரண்டு கையால் வாசிக்க இடம் தராது. 76-க்குப் போக வேண்டிய அவசியம் தொடக்கத்தில் இல்லை.

சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் கர்நாடக இசை, மெல்லிசை இரண்டுக்கும் உதவும். இ373-இல் அது இல்லை, இ473-இல் இருக்கிறது. சிடி-எஸ்300-இலும் இருக்கிறது. மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வசதியும் சஸ்டெய்ன் பெடலுக்கான ஓட்டையும் யுஎஸ்பி இணைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியச் சந்தைக்கென்றே தபேலா, தம்பூரா ஒலிகளோடு மாடல்கள் வருகின்றன: யமஹாவில் பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோவில் மாடல் பெயர் ஐஎன் என்று முடிபவை. பாடிப் பழகுகிறவர்களுக்கு இவை நல்ல துணை.

பார்க்க வேண்டாதது டோன் (கீபோர்டு தரும் வேறு வேறு கருவிகளின் ஒலி) எண்ணிக்கை. 400 டோனா 800 டோனா என்று ஒப்பிட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். முதல் ஆண்டில் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், ஆர்கன் இந்த நாலைந்துதான் பயன்படும். அந்த நாலைந்தும் நன்றாக ஒலிக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள், போதும்.

4. கடையில் சோதிக்கும் வரிசை

இணையத்தில் வாங்கினாலும், முடிந்தால் ஒருமுறை கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் டெமோ பாட்டைப் போட்டுக் காட்டுவார். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. எந்தக் கீபோர்டின் டெமோவும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நிறுத்தச் சொல்லிவிட்டு இப்படிப் பாருங்கள்.

முதலில் பியானோ டோனை வைத்து, ஒரே கீயை மெதுவாகவும் வேகமாகவும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒலியின் அளவு மட்டும் மாறுகிறதா, ஒலியின் தன்மையும் சேர்ந்து மாறுகிறதா என்று கேளுங்கள். இரண்டும் மாறினால் நல்ல கருவி.

பிறகு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒவ்வொரு கீயாக, ஒரே வேகத்தில் அழுத்திக்கொண்டு போங்கள். புதுக் கீபோர்டிலும் இதைச் செய்ய வேண்டும். எந்தக் கீயாவது மேலே வரத் தயங்கினாலோ, 'டக்' என்று அடித்தாலோ வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ஒலியளவைப் பாதிக்கு மேல் உயர்த்தி, கீழ் ஸ்தாயியில் இரண்டு மூன்று கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். ஸ்பீக்கர் கரகரத்தால் அறையில் வைத்து வாசிக்கும்போது அதே தொல்லை இருக்கும்.

கடைசியாக, டோனை மாற்றுவது, டெம்போவை (ரிதத்தின் வேகத்தை) குறைப்பது, டிரான்ஸ்போஸ் செய்வது ஆகிய மூன்றையும் கடைக்காரர் உதவி இல்லாமல் நீங்களே செய்து பாருங்கள். பட்டன்களைத் தேடித் திணறினால் அந்த மாடல் வீட்டிலும் திணறடிக்கும்.

வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது. சென்னை, கோவை, மதுரையில் இருப்பவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. சிற்றூரில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

5. பழைய கீபோர்டு வாங்குகிறீர்கள் என்றால்

பழையது வாங்குவதில் தவறில்லை. டச் ரெஸ்பான்ஸ் இல்லாத புதியதைவிட, அது உள்ள பழையதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் சோதனை இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் குமிழ் ஒன்று உண்டு. அதில் கார்பன் பூசிய இரண்டு தொடுபுள்ளிகள். கீயை அழுத்தும்போது ஒன்று முதலிலும் மற்றொன்று கண நேரம் கழித்தும் சர்க்யூட் பலகையைத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் நீங்கள் எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று கருவி கண்டுகொள்கிறது. தூசியோ ஈரமோ படிந்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும்: ஒரு கீ ஊமையாகும், அல்லது மெதுவாக அழுத்தினாலும் திடீரென்று உரத்த ஒலி எழுப்பும். ஆகவே பழைய கீபோர்டில் எல்லாக் கீயையும் மிக மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஓரிரண்டு கீ இப்படி இருந்தால் திறந்து சுத்தம் செய்து சரிபண்ணலாம். விலையில் குறைத்துக் கேளுங்கள். வரிசையாகப் பல கீகள் இருந்தால் விட்டுவிடுங்கள். கடற்கரை ஊர்களில் பயன்பட்ட கருவிகளில் உப்புக் காற்று வேலை செய்திருக்கும், கூடுதல் கவனம் தேவை.

பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. அடாப்டர் ஓட்டையில் வயரைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். கீபோர்டு அணைந்து எரிந்தால் உள்ளே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது.

விற்பவர் தருவது அந்தக் கீபோர்டுக்கு உரிய அடாப்டர்தானா என்று கீபோர்டின் பின்னால் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். யமஹாவின் இ வரிசைக்கு 12 வோல்ட், கேசியோ சிடி-எஸ் வரிசைக்கு 9.5 வோல்ட். பின் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை மற்றொன்றில் செருகக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் மாற்று அடாப்டர் வாங்கினாலும் வோல்ட், ஆம்பியர், நடுமுனை பாசிட்டிவ்வா நெகட்டிவ்வா என்ற மூன்றையும் சரிபார்த்தே வாங்குங்கள்.

6. வீட்டில் எங்கே, எந்த உயரத்தில்

தரையில் சம்மணமிட்டு வாசித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், முதுகு வளையும். ஆர்மோனியத்துக்கு அந்த அமர்வு சரி, அங்கே ஒரு கைதான் வாசிக்கிறது. இரண்டு கையும் ஐந்து ஸ்தாயிக்கு நகர வேண்டிய கருவிக்கு நாற்காலியும் ஸ்டாண்டும் வேண்டும். கட்டிலில் வைத்து வாசிப்பது அதைவிட மோசம். கீபோர்டு ஆடும், அடியில் ஸ்பீக்கர் இருக்கும் மாடல் என்றால் ஒலியும் மெத்தைக்குள் அடங்கிப்போகும்.

நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தளர விட்டு, கையைக் கீயின் மேல் வையுங்கள். முழங்கை கீயின் மட்டத்திலோ சற்றே மேலேயோ இருக்க வேண்டும். ஸ்டாண்டு உயரத்தை அதற்கேற்ப வைத்துவிட்டு மறந்துவிடலாம். குழந்தைக்கு என்றால் நாற்காலியில் பலகை போட்டு உயர்த்தி, தொங்கும் காலுக்கு அடியிலும் ஒன்று வையுங்கள். மேசையில் வைப்பதானால் 1 மீட்டர் நீளமாவது வேண்டும். பெரும்பாலான 61 கீ கீபோர்டுகள் சுமார் 93 முதல் 95 செ.மீ. வரை இருக்கும்.

உறையிலிருந்து எடுத்து மாட்டித் தொடங்க வேண்டும் என்றால் தினமும் வாசிக்க மாட்டோம். எப்போதும் விரித்தே, மூடி மட்டும் போட்டு, நடமாடும் இடத்தில் வையுங்கள். ஜன்னல் வெயிலும் ஏசி காற்றும் நேரே படாத சுவர் நல்லது.

7. வாசிக்கத் தொடங்குமுன் செய்ய வேண்டிய அமைப்புகள்

கீபோர்டை இயக்கியதும் பியானோ டோனைத் தேர்வு செய்யுங்கள். அழுத்தியவுடன் ஒலி எழுந்து தானாகத் தேய்வதால், எப்போது அழுத்தினோம் என்பது தெளிவாகக் கேட்கும். ஸ்ட்ரிங்ஸ் டோனில் தாளத் தவறுகள் மறைந்துபோகும்.

டிரான்ஸ்போஸ் 0, டியூனிங் 440 ஹெர்ட்ஸ், டச் ரெஸ்பான்ஸ் ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். வகுப்பில் ஒரே பாடத்தை வாசிக்கும் இருவரில் ஒருவருடையது மட்டும் வேறு சுருதியில் ஒலித்தால், பெரும்பாலும் காரணம் யாரோ மாற்றிவைத்த டிரான்ஸ்போஸ்தான்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாக அணையும் வசதி இருக்கும். யமஹா இ வரிசையில் அது 30 நிமிடம் என்று வைத்திருப்பார்கள். இடது ஓரத்தின் கடைசிக் கீயை அழுத்திக்கொண்டே பவர் பட்டனை அழுத்தினால் அந்த வசதி நின்றுவிடும். எல்லா அமைப்பும் குழம்பிப்போனால் வலது ஓர வெள்ளைக் கீயை அழுத்திக்கொண்டு இயக்குங்கள். புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்பும். நீங்கள் சேமித்தவையும் அழியும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெடல் இருந்தால், அதை மிதித்துக்கொண்டு கீபோர்டை இயக்காதீர்கள். இயக்கும் நேரத்தில் பெடல் இருக்கும் நிலையைத்தான் பல கீபோர்டுகள் 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்கின்றன. மிதித்திருந்தால் எல்லாம் தலைகீழாகும்: காலை எடுத்தால் ஒலி நீளும், மிதித்தால் நிற்கும். அணைத்துவிட்டுக் காலை எடுத்து மறுபடி இயக்கினால் சரியாகும். பெடல் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

8. கீகளின் பெயரும் விரல்களின் எண்ணும்

கறுப்புக் கீகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்பு உள்ள கூட்டத்துக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கீ சி. அங்கிருந்து வலப்பக்கம் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. 61 கீயில் இடமிருந்து மூன்றாவது சி நடு சி.

கீயின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் ஸ்டிக்கரைத் தேடும். கறுப்புக் கூட்டத்தைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் பழக்கம் வராது. ஏதாவது ஒரு பெயரைச் சொன்னவுடன் அந்தப் பெயருள்ள எல்லாக் கீயையும் இடமிருந்து வலமாகத் தொடும் பயிற்சியை ஒரு வாரம் செய்தால் போதும்.

விரல்களுக்கு எண் உண்டு: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. இரண்டு கைக்கும் இதே எண்கள்தான். தொடங்குகிறவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விஷயம் இது. ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே பாட்டு வாசித்துவிட முடிகிறதே என்று தோன்றும். மெதுவான பாட்டுக்கு அது ஓடும். வேகம் கூடியதும் அந்த விரல் போய்ச் சேராது, அப்போது முதலிலிருந்து மாற்றிப் பழகுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

9. வலது கை

நடு சி-யில் கட்டைவிரலை வைத்து, ஐந்து விரலையும் அடுத்தடுத்த வெள்ளைக் கீகளில் வையுங்கள். கை, ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பதுபோல வளைந்திருக்கட்டும். 1 முதல் 5 வரை போய்த் திரும்புங்கள். சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். ஒரு விரல் இறங்கும்போதுதான் முந்தைய விரல் எழ வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கவும் கூடாது, நடுவில் வெற்றிடமும் கூடாது.

இது வந்தபின் முழு ஸ்தாயி. சி முதல் மேல் சி வரை எட்டுச் சுரங்கள், கையில் விரல் ஐந்துதான். ஆகவே 1, 2, 3 வாசித்தபின் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து எஃப்-ஐப் பிடிக்க வேண்டும்: 1 2 3, 1 2 3 4 5. இறங்கும்போது 5 4 3 2 1, பிறகு நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி ஈ-யில் இறங்கும், 3 2 1. கட்டைவிரல் நுழையும்போது முழங்கை வெளியே தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலோருக்கு நடக்கும். முழங்கையை அசைக்காமல், 2 வாசிக்கும்போதே கட்டைவிரலை உள்ளே நகர்த்தத் தொடங்கினால் அது நிற்கும்.

பாட்டுக்கு வருவோம். எழுத்துகளாக மட்டும் எழுதிய நோட்ஸ் நிறையக் கிடைக்கிறது. எந்தச் சுரம் என்று அதில் இருக்கும், எவ்வளவு நேரம் என்று இருக்காது. எனவே நன்றாகப் பாடத் தெரிந்த பாட்டையே முதலில் எடுங்கள். வாய்விட்டுப் பாடி, கையால் தாளம் போட்டு, எந்தச் சொல் எந்தத் தட்டில் விழுகிறது என்று குறித்துவிட்டு வாசியுங்கள். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப ஓட்டாமல், தடுக்கும் இரண்டு வரியை மட்டும் எடுத்துப் பாதி வேகத்தில் வாசிப்பதுதான் பயிற்சி.

10. இடது கை

வலது கை பாட்டைத் தடையில்லாமல் வாசிக்கும்வரை இடது கையைச் சேர்க்காதீர்கள். தனியாகப் பழகலாம்.

கார்டு என்பது சேர்த்து அழுத்தும் சுரங்களின் கூட்டம். நான்கு கார்டு போதும்: சி, எஃப், ஜி, ஏ மைனர். சி என்றால் சி-ஈ-ஜி என்று புத்தகத்தில் இருக்கும். அதே வரிசையில் ஒவ்வொரு கார்டையும் பிடித்தால் கை தாவிக்கொண்டே இருக்கும். சுரங்களை இப்படி வரிசை மாற்றிப் பிடியுங்கள்; இடமிருந்து இரண்டாவது சி-யைச் சுற்றியே எல்லாம் அமைந்துவிடும்.

சி: ஜி-சி-ஈ, விரல் 5-2-1.
ஏ மைனர்: ஏ-சி-ஈ, விரல் 4-2-1.
எஃப்: ஏ-சி-எஃப், விரல் 4-2-1.
ஜி: ஜி-பி-டி, விரல் 5-3-1.

சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக ஜி மட்டும் ஏ ஆகிறது. அங்கிருந்து எஃப்-க்கு, ஈ மட்டும் எஃப் ஆகிறது. மாறாத சுரத்தை விடாமல் பிடித்திருங்கள், கை இடத்தை மறக்காது.

இந்த அமைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிதத்தோடு வாசிக்கும்போது கீபோர்டு தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். இடப்பக்கம் கார்டு, வலப்பக்கம் மெட்டு. யமஹா இ வரிசையில் அந்த எல்லை, நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் ஷார்ப் (எஃப்-ஐ ஒட்டி வலப்பக்கம் இருக்கும் கறுப்புக் கீ). இரண்டாவது சி-யிலிருந்து சி-ஈ-ஜி என்று பிடித்தால் ஜி அந்த எல்லையைத் தாண்டி வலப்பக்கம் விழும். கார்டு முழுமையாகாது, மெட்டில் தேவையில்லாத ஒரு ஜி கேட்கும். ஏன் சரியாக வரவில்லை என்று புரியாமல் நிற்கும் இடம் இது. மேலே தந்த நான்கும் எல்லைக்குள்ளேயே அடங்கும்.

ஒற்றை விரலில் கார்டு தரும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒரு கீயை அழுத்தினால் மேஜர் கார்டு. மைனருக்கு யமஹாவில் அதோடு இடப்பக்கம் இருக்கும் கறுப்புக் கீ, கேசியோவில் வலப்பக்கம் இன்னொரு கீ. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுவதால் வேறு கருவியில் உட்கார்ந்தால் பயன்படாது. மூன்று விரலில் பிடிப்பது எந்தக் கீபோர்டிலும், பியானோவிலும் செல்லும்.

11. இரண்டு கையும், பிறகு ரிதம்

முதலில் ரிதம் இல்லாமல், மெட்ரோனோமோடு. தாளத்தின் முதல் தட்டில் மட்டும் இடது கை கார்டு, அதைப் பிடித்தபடியே வலது கை மெட்டு. இது நிலைத்தபின் ரிதத்துக்கு வாருங்கள்.

பாட்டின் தாளத்துக்கு ஏற்ற ரிதம் வேண்டும். மூன்று மூன்றாக நடக்கும் பாட்டுக்கு 4/4 ரிதம் போட்டால் எவ்வளவு முயன்றாலும் சேராது. 3/4 அல்லது 6/8 தேடுங்கள். டெம்போவைப் பாட்டின் வேகத்தில் முக்கால் பங்குக்கு இறக்குங்கள். ரிதத்தின் ஒலியளவையும் குறையுங்கள், ஏனென்றால் பல கீபோர்டுகளில் அது மெட்டை மூடிவிடும் அளவில்தான் இருக்கும். யமஹாவில் ஏசிஎம்பி என்ற பட்டன் கார்டுப் பகுதியை இயக்கும். சிங்க் ஸ்டார்ட்டை அழுத்திவைத்தால் நீங்கள் முதல் கார்டைப் பிடிக்கும் நொடியில் ரிதம் தொடங்கும். ஓடும் ரிதத்தைத் துரத்திப் பிடிக்கும் அவதி இருக்காது.

நடுவில் தவறினால் நிறுத்தாதீர்கள். ரிதம் ஓடட்டும், அடுத்த வரியின் முதல் தட்டில் சேர்ந்துகொள்ளுங்கள். மேடையில் தேவைப்படுவது இந்தப் பழக்கம்தான்.

சஸ்டெய்ன் பெடலைப் பியானோ டோனில், ரிதம் இல்லாத பாட்டில் பழகுங்கள். கார்டை அழுத்தியபின் பெடலை மிதிக்க வேண்டும். அடுத்த கார்டை அழுத்தும் கணத்தில் காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். மிதித்தே வைத்திருந்தால் பழைய கார்டும் புதிய கார்டும் கலந்து குழம்பும்.

12. கர்நாடக இசைக்கும் பாடகரோடு வாசிப்பதற்கும்

நம் ஊரில் சுருதியைக் கட்டையில் சொல்வோம். சி 1 கட்டை, சி ஷார்ப் 1½, டி 2, டி ஷார்ப் 2½, ஈ 3, எஃப் 4, எஃப் ஷார்ப் 4½, ஜி 5, ஜி ஷார்ப் 5½, ஏ 6, ஏ ஷார்ப் 6½, பி 7. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கீ இல்லாததால் 3½ கட்டை கிடையாது.

பாடுகிறவர் 5 கட்டை என்றால், விரல் சி-யிலேயே இருக்க டிரான்ஸ்போஸை +7 அல்லது -5 என்று வைக்கலாம். பெண் குரலோடு வாசிக்க எது நெருக்கமாக ஒலிக்கிறது என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். முடித்ததும் 0-க்குத் திருப்பிவிடுங்கள். ஒரு கட்டையிலாவது டிரான்ஸ்போஸ் இல்லாமல் நேராக வாசிக்கப் பழகுவது அவசியம். 5 கட்டையில் தொடங்குங்கள், சங்கராபரணத்துக்கு எஃப் ஷார்ப் ஒன்றுதான் கறுப்பு.

சரளி வரிசை மாயாமாளவகௌளையில்: ச சி, ரி சி ஷார்ப், க ஈ, ம எஃப், ப ஜி, த ஜி ஷார்ப், நி பி. விரல் அதே 1 2 3, 1 2 3 4 5. ரி-யில் 2-உம் த-வில் 3-உம் கறுப்புக் கீயில் விழுவதால் கை சற்று உள்ளே தள்ளியே இருக்கட்டும். வெள்ளைக் கீயின் முனையில் வைத்து ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடித்தால் இரண்டாம் காலத்தில் (இரட்டிப்பு வேகத்தில்) தடுக்கும். முதல் காலம் சீராக வரும்வரை அடுத்த காலத்துக்குப் போக வேண்டாம்.

கமகம் (சுரத்தை அசைத்து இசைப்பது) வேண்டும் என்று முதல் மாதமே பிட்ச் பெண்டைத் தொடாதீர்கள். பொதுவாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் (கறுப்பையும் சேர்த்து இரண்டு கீ தூரம்) நகர்த்தும்படி வைக்கப்பட்டிருக்கும். இடது கை சக்கரத்துக்குப் போவதால் மெட்டு முழுவதும் வலது கையின் பொறுப்பாகிறது. வர்ணம் வரை நேர்ச்சுரமாக வாசித்தபின், பாடகர் அந்த ராகத்தைப் பாடுவதைக் கேட்டு, ஒரு சுரத்தில் மட்டும் தொடங்குங்கள். மோகனம் போன்ற ஐந்து சுர ராகம் இதற்கு எளிது: சி, டி, ஈ, ஜி, ஏ.

13. பராமரிப்பு

வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். கீகளை லேசாக ஈரமான துணியால், பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். பக்கத்தில் டீயும் பலகாரமும் வைக்காதீர்கள். இனிப்பு சிந்தினால் கீகள் ஒட்டுவதோடு எறும்பும் உள்ளே குடியேறும்.

பேட்டரியில் வாசித்தால் ஆறையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது கசியும். சில வாரங்களுக்கு வாசிக்கப் போவதில்லை என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். இடி மின்னல் நாளில் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளி விழாவிலோ ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும்போது, இரண்டின் ஒலியளவையும் குறைத்து வயரைச் செருகி, முதலில் கீபோர்டை, பிறகு ஆம்ப்ளிஃபயரை இயக்குங்கள். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர். வரிசை மாறினால் எழும் 'டொம்' ஒலி ஸ்பீக்கரைக் கெடுக்கும். ஸ்டாண்டின் மையத் திருகை ஒவ்வொரு முறையும் கையால் இறுக்கிப் பார்த்துவிட்டுக் கீபோர்டை ஏற்றுங்கள்.